காது தெரிய வேண்டும்

கடைசி ஊசி போட்டு எட்டு மாதம்.
"இனி ஒன்றுமில்லை, போய்ச் சந்தோசமாய் இருங்கோ"
என்றார் டொக்டர்.
இரவு ரெயிலில் திருகோணமலை வந்து இறங்கினேன்,
பொலித்தீன் பைக்குள் கோப்புகளும்
மிஞ்சிய இரண்டு தோடம்பழமும்.

சந்தோசத்துக்கு முன்
தலைமயிர் வரவேண்டியிருந்தது.

வந்தது.
முதலில் காதுக்குப் பின்னால்,
யாரும் கேட்காத இடத்தில்.
பிறகு பிடரியில், தேங்காய்த் தும்பு மாதிரி,
முன்பு என்னுடையதாய் இல்லாத ஒரு நிறத்தில்.
உச்சியில் மட்டும்
உள்ளங்கை அகலத்துக்கு
இன்னும் இல்லை.

அருள் அதில் சின்ன வெங்காயச் சாறு தேய்க்கிறான்,
மா ஆலைக்கு வேலைக்குப் போகுமுன், ஒவ்வொரு நாளும்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
"வெங்காயம்" என்கிறான்.
நான் நம்புவதாய்க் காட்டிக்கொள்கிறேன்.

கச்சான் காற்று அடிக்கிற மாதம்.
உட்துறைமுக வீதியில் இரண்டு தரம்
சால்வை பறந்தது.
இரண்டாம் தரம் துரத்திப் பிடித்தவள்
பக்கத்து வீட்டு நசீஹா.
"ஊசி குத்தாட்டி இந்த ஊர்க் காத்துக்கு நிக்காது" என்றாள்.
இனி எனக்கு ஊசி வேண்டாம் என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
அடுத்த நாள் காந்தம் ஒன்று கொண்டுவந்தாள்,
மாத்திரை அளவில், இரண்டு துண்டு.
துணிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
டக்.

உப்புவெளி பஸ்ஸில் ஒருவர் சலாம் சொன்னார்.
நானும் சொன்னேன்.
என் பொட்டை இருவரும்
பிறகுதான் யோசித்தோம்.

கோணேசர் மலையடியில் கச்சான் விற்கிறவ,
சால்வை நழுவியதைக் கண்டு,
"எந்தக் கோயில் நேர்த்தி பிள்ளை?" என்றா.
"மகரகம."
"அங்க என்ன சாமி?"
"பெரிய சாமி அக்கா. நம்பர் எடுத்துக் காத்திருக்கோணும்."
ஒரு பிடி கச்சான் கூடப் போட்டுத் தந்தா.

திரும்பும்போது கோட்டை வாசலில் மான்கள்.
ஒன்றுக்குக் கொம்பு விழுந்து
இரண்டு குமிழ் மட்டும் நின்றது.
"பார், அதுக்கும் திரும்ப வரும்" என்றான் அருள்.
"அதுக்கு வருசா வருசம் விழும்" என்றேன்.
வீடு வரும்வரை அவன் பேசவில்லை.
சொல்லியிருக்கத் தேவையில்லை.

அடையாள அட்டை தொலைந்தது
ஏதோ ஒரு வார்டில்.
புதிதுக்குப் படம் வேண்டும்.
ஸ்டூடியோவில் டிலக்சன், இருபது வயது இருக்கும்.
"அன்ரி, காது தெரியவேணும்... அது சட்டம்" என்று
சரியாய் இருந்த லைட்டை
சரிசெய்யத் திரும்பினான்.

கழற்றினேன். டக்.
ஏசிக் குளிர் உச்சியைத்தான்
முதலில் கண்டுபிடித்தது.

படம் எடுத்து முடிந்ததும் மெதுவாய்க் கேட்டான்:
"கம்பியூட்டரில கொஞ்சம் முடி போட்டு விடவா?
நாலு விதம் இருக்கு."
வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை.
மூன்றாவதைக் காட்டினேன்.
நடு வகிடு, தோளில் விழும் கறுப்பு.

திரையில் ஒருத்தி இருந்தாள்.
அவளை எனக்குத் தெரியும்.
அவளுக்கு ஒன்றும் தெரியாது.
மார்ச் மாதம் நெஞ்சில் ஒரு கட்டி தட்டுப்படும் என்று
யாரும் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.

"எடுத்துவிடு" என்றேன்.
ஒரு விசையை அழுத்தினான்.
அவ்வளவும் ஒரு நொடியில் போனது.
எனக்குப் பதினாறு நாள் எடுத்தது,
தலையணையில், சோற்றில்,
குளியலறைத் துவாரத்தில்.

இரண்டு பிரதி போதும்,
ஆறு கேட்டேன். ஏனென்று தெரியாது.
ஈரம் காயாத மாதிரி
விளிம்பில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.
சந்தி வரை நடந்த பிறகுதான்
காற்று நேரே தலையில் படுவது உறைத்தது.
சால்வை அங்கே கதிரையில் கிடக்கிறது.

திரும்பிப் போகவில்லை
என்று எழுத ஆசை.
போனேன்.
காந்தம் நசீஹாவுடையது.